முதல் படியில் இருந்த முகவரி

வெள்ளிக்கிழமை மதியம் நான் வெளியிட்ட கையேடு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் நாற்பத்தோரு இடங்களில் படிக்கப்பட்டிருந்தது. பதினோரு வருடங்களாகக் கையேடு எழுதுகிறேன். என் எழுத்தை நாற்பத்தோரு பேர் ஒரு வரி விடாமல் படித்ததாகச் சரித்திரமே இல்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமையாக இருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எங்கள் அலுவலகம் யாஷ் நகரத்தில், டிராம் வளைந்து திரும்பும் முனையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. முதலாளி தொய்னாவையும் சேர்த்துப் பதினான்கு பேர். நாங்கள் செய்து விற்பது ஒரே ஒரு மென்பொருள். அதற்குச் சல்லடை என்று பெயர். ஒரு இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தால் அதில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லும். திருடன் என்னவெல்லாம் செய்வானோ அத்தனையும் தானே செய்து பார்த்துவிட்டுச் சொல்லும். பூட்டை ஆட்டும், கதவைத் தள்ளும், கண்ட படிவத்திலெல்லாம் கண்டதை எழுதி அனுப்பும். அதனால் அதைச் சொந்த வீட்டில் மட்டும்தான் ஓட்டலாம். அடுத்தவர் வீட்டில் ஓட்டினால் குற்றம். ஓடத் தொடங்கும் முன் அது ஒரு கேள்வி கேட்கும்: இந்த முகவரி உங்களுடையதா? ஆம் என்றால்தான் மேலே போகும்.

போன வருடம்வரை இதை மனிதர்கள் ஓட்டினார்கள். பிறகு வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுகளிடம் கொடுத்துவிட்டார்கள். ஏஜெண்டுக்குத் திரையும் பொத்தானும் தேவையில்லை. எழுதி வைத்திருப்பதைப் படிக்கும், அதன்படி செய்யும். சல்லடையை உருவாக்கியவன் திபேரியு. எனக்கு எதிர் மேசை. நவம்பரில் ஒருநாள் சொன்னான்.

"உன் பழைய கையேடு அதுங்களுக்கு ஆகாது, ஸ்மரந்தா. மனுஷன்னா பாதி படிச்சிட்டுத் தூக்கிப் போட்டுட்டு பக்கத்துல இருக்கறவனைக் கேப்பான். இது கேக்காது. நீ என்ன எழுதறியோ அதான்."

"அப்ப எனக்குக் கடைசில ஒரு நல்ல வாசகர் கிடைச்சாச்சுன்னு சொல்லு."

"நல்ல வாசகர்தான். பயப்படற அளவுக்கு நல்ல வாசகர்."

சிரித்தோம். நான் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினேன். சின்னச் சின்ன வாக்கியங்கள், எல்லாம் கட்டளைகள். முதல் படி இது: கருவி சரியாக இயங்குகிறதா என்று அறிய, கீழே உள்ள பயிற்சி முகவரியில் ஒரு முழுச் சோதனை நடத்து. அதன் கீழே எங்கள் பயிற்சி சர்வரின் எண் முகவரி. அதன் கீழே, ஏஜெண்டு குழம்பி நின்றுவிடக் கூடாதே என்று இன்னொரு வரி: முகவரி உங்களுடையதா என்று கேட்டால், ஆம் என்று பதில் கொடு.

பயிற்சி சர்வர் எங்களுடையது. குடை விற்பதுபோல் நடிக்கும் ஒரு பொய்க் கடை. அதன் முகவரி பழைய கையேட்டில் ஆறு வருடமாக இருந்தது. அதை அப்படியே எடுத்து ஒட்டினேன்.

திங்கட்கிழமை அந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, ஏஜெண்டு அனுப்பிய அறிக்கைகளில் ஒன்றைத் திறந்தேன். பிரஷோவில் மரச்சாமான் விற்கும் ஒரு கம்பெனியின் ஏஜெண்டு. மிக ஒழுங்காக எழுதியிருந்தது.

"முதல் படி முடிந்தது. பயிற்சி முகவரியில் கடவுச்சொல் இல்லாத கட்டுப்பாட்டுப் பக்கம் ஒன்று கண்டறியப்பட்டது. 'பம்பு 2: இயக்கு / நிறுத்து' என்ற படிவம் பதினேழு முறை அனுப்பப்பட்டது. பதினேழும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. கையேட்டின்படி அடுத்த படிக்குச் செல்கிறேன்."

குடைக் கடையில் பம்பு எங்கிருந்து வந்தது?

"திபேரியு, பயிற்சி சர்வர்ல பம்பு எதுக்கு வெச்ச?"

அவன் எள் தூவிய கொவ்ரிக் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மேசையெல்லாம் எள். "என்ன பம்பு?"

"பம்பு ரெண்டு. இயக்கு, நிறுத்து."

"நான் எதையும் வெக்கலையே. அந்த சர்வரே இல்லையே இப்ப. செப்டம்பர்லயே விட்டுட்டோம்."

"விட்டுட்டோம்னா?"

"வாடகைக்குக் குடுத்தவன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டோம். ஒருத்தரும் பயன்படுத்தலன்னு தொய்னா நிறுத்தச் சொன்னாங்க. அந்த நம்பரை அவன் வேற…"

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. கொவ்ரிக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து என் பக்கம் வந்தான்.

"எனக்கு யாரும் சொல்லல," என்றேன்.

"சொல்லணும்னு யாருக்கும் தோணல."

இருவரும் அறிக்கையைப் படித்தோம். ஏஜெண்டு அந்தப் பக்கத்தை முழுதாக நகல் எடுத்து இணைத்திருந்தது. கொதிகலன் ஒன்று, கொதிகலன் இரண்டு. வெளியே போகும் வெந்நீரின் வெப்பம். திரும்பி வரும் நீரின் வெப்பம். ஓரத்தில் யாரோ வேலையாட்கள் தங்களுக்குள் எழுதி வைத்த குறிப்புகள். ஏதோ ஒரு ஊரின் வெப்ப நிலையம் அது. வீடுகளுக்குக் குழாய் வழியாகச் சூடு அனுப்பும் இடம்.

அன்று காலை வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி. டிராமின் ஜன்னலில் உள்பக்கமே பனி பிடித்திருந்தது.

நாற்பத்தோரு ஏஜெண்டுகள். ஒவ்வொன்றும் வேலையைத் தொடங்கும்போது முதலில் போய் அந்த நிலையத்தின் பம்பை நிறுத்தி இயக்கி நிறுத்தி இயக்கியிருக்கிறது. சனி, ஞாயிறு முழுவதும். இது உங்களுடையதா என்று சல்லடை ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவை ஆம் என்றிருக்கின்றன. அந்த ஆம் என்னுடையது.

"மாத்து," என்றான் திபேரியு. "முதல் படியையே எடுத்துரு. நான் அந்த நம்பருக்குக் கருவிக்குள்ளயே தடை போடறேன்."

என் விரல்கள் தப்புத் தப்பாக அடித்தன. முதல் படியை அழித்தேன். எந்த முகவரியையும் தொடாதே, நிறுத்து என்று அந்த இடத்தில் எழுதி வெளியிட்டேன்.

"நின்னுடுமா?"

"புதுசா வர்றது நிக்கும். ஆனா சில பேர் கையேட்டை நகல் எடுத்து வெச்சிருப்பாங்க. அதுங்க பழசைத்தான் படிக்கும். நான் போடற தடையும் எல்லார்கிட்டயும் போய்ச் சேர மதியம் ஆயிடும்."

தொய்னா வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே கதவைச் சாத்தினார். திபேரியு விஷயத்தைச் சொன்னான். அவர் சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல்ல வக்கீல்கிட்ட பேசிடறேன். அதுவரைக்கும் யாரும் வெளியில ஒரு வார்த்தை பேச வேணாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றேன்.

"கோர்ட்டுல இருப்பாரு. பதினொரு மணிக்கு மேல."

"தொய்னா, அது கொதிகலன்."

அவர் என்னைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, அவருக்கும் பயம்தான். "நான் சொன்னது காதுல விழுந்துச்சுல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் அறிக்கையைத் திரும்ப எடுத்தேன். எந்த ஊர் என்று எங்கும் இல்லை. சர்வரை வாடகைக்கு விட்டவர்களிடம் திபேரியு கேட்டான். வாடிக்கையாளர் விவரம் தர முடியாது, மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார்கள். பக்கத்தின் ஓரத்தில் இருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். "ஆலைத் தெரு மூன்றாம் மாடிக்காரி மறுபடியும் புகார். ஹ." நாட்டில் ஆலைத் தெரு இல்லாத ஊர் கிடையாது. "வால்வு ஏழு மின்மினி பள்ளிப் பக்கம். பாதிக்கு மேல் திறக்காதே. ஹ."

மின்மினி என்ற பாலர் பள்ளி, ஆலைத் தெரு. இரண்டையும் சேர்த்துத் தேடினேன். மூன்று ஊர்கள் வந்தன. ஒன்றில் பள்ளி மூடிக் கிடந்தது. இன்னொன்று கடற்கரை ஊர். அங்கே பொது வெப்ப நிலையமே இல்லை. மூன்றாவது, வடக்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கு அவ்வளவாவது செய்ய வேண்டும்.

பள்ளியின் எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். பின்னால் குழந்தைகளின் இரைச்சல்.

"மேடம், உங்க பள்ளிக்கூடத்துல சூடு…"

"அப்பாடா, கடைசில ஒருத்தராவது கூப்பிட்டீங்களே. சனிக்கிழமைலேருந்து ஐஸ்பெட்டி மாதிரி கிடக்கு. பிள்ளைங்களுக்குக் கோட்டோடயே சூப்பு ஊத்திக்கிட்டிருக்கேன். நகராட்சியா?"

"இல்ல மேடம், யாஷ்லேருந்து பேசறேன். கொதிகலன் அறையில யார் இருப்பாங்க? அவங்க நம்பர் வேணும். ரொம்ப அவசரம்."

"ஹிரிஷ்குதான் இருப்பாரு. அவர் போனை எடுத்தா சூரியன் மேற்கால உதிக்கும். தேக்லா குடுத்தாள்னு சொல்லுங்க, வெக்க மாட்டாரு. என் தங்கச்சி புருஷன்தான்."

நான்காவது முறை அடித்தபோது எடுத்தார்.

"என்ன?"

"ஐயா, வணக்கம். நான் யாஷ்லேருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி…"

"வேணாம். போன வாரம் ஒருத்தன் பேங்க்லேருந்து பேசறேன்னான். அவன் அப்பனுக்கும் சேத்துத் திட்டினேன். உனக்கும் வேணுமா?"

"தேக்லா மேடம்தான் நம்பர் குடுத்தாங்க."

மூச்சு விடும் சத்தம். "சொல்லு."

"உங்க ரெண்டாவது பம்பு தானா நின்னு தானா ஓடுதா?"

"நீ யாரு?" குரல் மாறிவிட்டது.

தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்ல வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். தொய்னாவின் அறைக் கதவு கண்ணாடி. அதன் பின்னால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும் நடந்ததைத்தான் சொன்னேன்.

"என்னாலதான் ஐயா. நான் ஒரு வரி தப்பா எழுதிட்டேன். அதைப் படிச்சிட்டு எங்கெங்கேயோ இருக்கற கம்ப்யூட்டருங்க உங்க பம்பைத் தொட்டுக்கிட்டிருக்கு. பம்பு கெட்டுப் போகல."

"கெட்டுப் போகலையா? ரெண்டு நாளா அது முன்னாடி முழங்கால் போட்டுக்கிட்டிருக்கேன். அங்க ஆலைத் தெருவுல குழாய் உறைஞ்சு ரெண்டு எடத்துல வெடிச்சிருச்சு. இப்பதான் எங்க மெக்கானிக் பாவெலும் கூட இருக்கற பையனும் பம்பு மூடியைக் கழட்டிட்டு உள்ள கைய விட்டிருக்காங்க."

ஒரு கணம் எனக்கு அது புரியவில்லை. புரிந்ததும் திபேரியுவின் திரையைப் பார்த்தேன். வாடிக்கையாளர்களின் சோதனைகள் எங்கெங்கே ஓடுகின்றன என்று அதில் வரி வரியாக வரும். கடைசி வரி புதியது. கான்ஸ்டன்ட்ஸாவில் ஒரு கப்பல் கம்பெனி. நகல் எடுத்து வைத்த கையேடு. தொடங்கி இரண்டு நிமிடம். முதல் படி.

"எவ்வளவு நேரத்துல பம்புக்கு வரும்?" என்று போனைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"மூணு நிமிஷம். நாலு." அவன் வேறு போனில் கப்பல் கம்பெனியை அழைத்துக்கொண்டிருந்தான். அங்கே யாரும் எடுக்காமல், காத்திருக்கச் சொல்லும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, கையை வெளிய எடுக்கச் சொல்லுங்க. இப்பவே. அந்தப் பம்பு தானா ஓடும்."

"என்னம்மா சொல்ற?"

"ஓடும் ஐயா. என் கண்ணு முன்னாடி வந்துக்கிட்டிருக்கு. கெஞ்சிக் கேக்கறேன், போங்க."

அந்தப் பக்கம் போன் மேசையில் விழுந்த சத்தம். இரும்புக் கதவு ஒன்று அடித்துக்கொண்டது. பிறகு எதுவும் இல்லை. தொலைவில் ஏதோ இயந்திரத்தின் உறுமல் மட்டும்.

அந்த நேரத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் காதில் அந்த உறுமல். என் கண்ணில் திரை. கான்ஸ்டன்ட்ஸா ஏஜெண்டு ஒரு வரி எழுதும், நிற்கும், அடுத்த வரி எழுதும். முகவரி உங்களுடையதா? ஆம். பக்கம் திறந்தது. படிவங்கள் ஐந்து கண்டறியப்பட்டன. கொதிகலன் ஒன்று, வெப்ப அளவு, சோதனை மதிப்பு அனுப்பப்பட்டது. அதற்கு அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த வரிசையில் நான் சொல்லிக் கொடுத்த வேலையைச் செய்தது. எழுந்து அந்தத் திரையை உடைத்தாலும் அது நிற்காது என்பது தெரிந்தே அதைக் கையால் மறைத்தேன். விரல் இடுக்கில் பார்த்தேன்.

பம்பு 2: இயக்கு. அனுப்பப்பட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

திபேரியு தன் போனைக் காதிலிருந்து எடுத்தான். தொய்னா கதவைத் திறந்துகொண்டு வந்து எங்கள் பின்னால் நின்றார். அவர் கை என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது.

போனில் உறுமல் மட்டும் கேட்டது. அது முன்பைவிட அதிகமாகிவிட்டதா? தெரியவில்லை. கத்தல் ஏதாவது கேட்கிறதா என்று காதை அழுத்திக்கொண்டேன். முகம் தெரியாத பாவெல். அந்தப் பையனுக்கு என்ன வயதோ. பம்புக்குள் சுழலும் இரும்புச் சக்கரத்தை ஒருமுறை படத்தில் பார்த்திருக்கிறேன். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஆறு நிமிடம் கழித்துக் காலடிச் சத்தம்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்." குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஃபியூஸு பாவெல் பாக்கெட்டுல இருக்கு."

"என்ன ஐயா?"

"கைய உள்ள விடறதுக்கு முன்னாடி ஃபியூஸைப் பிடுங்கித் தன் பாக்கெட்டுல போட்டுக்குவான். பலகையில லைட்டு அணைஞ்சிருக்குன்னு சொன்னாலும் நம்ப மாட்டான். நான் போய்ச் சொன்னதும் பாக்கெட்டைத் தட்டிக் காட்டறான். ஆனா பலகையில ஓடுதுன்னு லைட்டு எரியுது, அதையும் பாத்துட்டோம். பையன் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"ஃபியூஸை எடுத்து வெச்சுக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று எதற்கோ கேட்டேன்.

"எழுதறதா? கை அவனோடதும்மா." பிறகு, "இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லு," என்றார்.

திபேரியு போனை வாங்கி, எந்த இணையக் கம்பியைப் பிடுங்க வேண்டும் என்று சொன்னான். நீல நிறம், சுவரோடு போகும், பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் கையால் ஓட்டுங்கள். அவர் பிடுங்கினார். எங்கள் திரையில் கான்ஸ்டன்ட்ஸா எழுதியது: "முகவரி பதிலளிக்கவில்லை. கையேட்டின்படி மீண்டும் முயல்கிறேன்." மீண்டும் முயன்றது. மூன்று முறை முயன்றுவிட்டு நன்றி சொல்லி நின்றது. மூன்று முறை முயல வேண்டும் என்பதும் நான் எழுதியதுதான்.

மதியத்துக்குள் வக்கீல் வந்தார். யார் எழுதினார்கள் என்று கடிதத்தில் சொல்ல வேண்டியதில்லை, நிறுவனம் என்று போட்டால் போதும் என்றார். தொய்னா என் பக்கம் திரும்பினார்.

"உன் இஷ்டம். நான் எதுவும் சொல்லல."

என் பெயரைப் போட்டேன். தைரியத்தால் என்று யாராவது நினைத்தால் தவறு. பெயரை மறைத்துவிட்டு, அது எப்போது வெளியே வரும் என்று காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. புக்கரெஸ்டிலிருந்து விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். இளைஞர்கள், மரியாதையானவர்கள். அந்த ஒரு வரியைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். "இந்த 'ஆம்' எதுக்காக எழுதினீங்க?" என்று ஒருவர் கேட்டார். அது தயங்கி நின்றுவிடக் கூடாதே என்று எழுதினேன் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். என் பதிலைவிட அவர் குறித்துக்கொண்ட அந்த நேரம்தான் அதிகம் பயமாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து நிறுவனத்துக்கு அபராதம் வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். கடவுச்சொல் வைக்கவில்லை என்று அந்த ஊருக்கும் ஒரு கடிதம் போயிற்று. அதுதான் எனக்கு வலித்தது. அதற்குள் கையேட்டை முதலிலிருந்து எழுதியிருந்தேன். இப்போது அதில் முகவரியே கிடையாது. சந்தேகம் வந்தால் நின்று ஒரு மனிதரைக் கேள் என்று இருக்கிறது. உங்களுடையதா என்ற கேள்விக்கு ஏஜெண்டு பதில் சொல்லவே கூடாது என்று இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, இதைக் கெட்ட எண்ணமே இல்லாத ஒன்று அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று யோசிப்பேன். ஒரு நாளைக்கு ஆறு ஏழு வரிக்கு மேல் ஓடுவதில்லை.

மார்ச் மாதம், பனி சேறாகிக் கிடந்த ஒருநாள், நானும் திபேரியுவும் ரயிலேறி அந்த ஊருக்குப் போனோம். அந்தக் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் பூட்டு போட்டுத் தருகிறோம், பணம் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். மேயர் எங்களைப் பார்க்க மறுத்துவிட்டார். ஹிரிஷ்குதான் நிலையத்துக்கு வந்து வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார். குள்ளமான மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். ரொட்டியில் கத்தரிக்காய்ச் சட்னி தடவி எங்கள் முன்னால் வைத்தார். திபேரியு வேலையைத் தொடங்கினான். நான் கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தேன், சாப்பிடாமல் கேட்டேன்.

"ஆலைத் தெருவுல யாருக்காவது…"

அவர் ரொட்டியை மென்று முடித்தார்.

"ஸ்தோய்கா கிழவர் ஆஸ்பத்திரில செத்துப் போயிட்டாரு. பிப்ரவரியில. நிமோனியா."

பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. தரை லேசாக அதிர்ந்தது.

"அவருக்கு எண்பத்தொண்ணு. அக்டோபர்லேருந்தே இருமிக்கிட்டிருந்தாரு. அந்த ரெண்டு நாள் குளிரால போனாரா, இல்ல போற நேரம் வந்து போனாரா, எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. நான் பொய் சொல்லி உன்னை அனுப்ப மாட்டேன்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"தெரியாது," என்றார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு. ரயிலுக்கு நேரம் இருக்கு."

சாப்பிட்டேன். தண்ணீர் குடித்து இறக்கினேன். பிறகு திபேரியுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் போடும் பூட்டை எப்படித் திறப்பது, எப்போது திறக்கக் கூடாது என்று ஹிரிஷ்குவுக்கும் பாவெலுக்கும் புரியும்படி ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். முதல் வரி முடிந்ததும் ஹிரிஷ்கு தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.